எடைக்குப் போடுமுன் ஒருமுறை திறந்து பாருங்கள்

(அப்பா, அம்மா சேர்த்துவைத்த நாவல்களை என்ன செய்வதென்று தெரியாமல் அலமாரி முன் நிற்கும் பிள்ளைகளுக்கு ஒரு திறந்த மடல்)

அன்புள்ள பிள்ளைகளுக்கு,



காரியங்கள் முடிந்து உறவுக்காரர்கள் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள். வீட்டை விற்பதா, வாடகைக்கு விடுவதா என்ற பேச்சு ஓடிக்கொண்டிருக்கும். பித்தளைப் பாத்திரங்களையும் பட்டுப்புடவைகளையும் யார் யார் எடுத்துக்கொள்வது என்று முடிவாகியிருக்கும். மிச்சம் இருப்பது அந்த அலமாரி. திறந்தால் பழைய காகித வாசனையும் பாச்சை உருண்டை வாசனையும் கலந்து வருகிறது. கையில் எடுத்தால் ஓரம் பொடிப்பொடியாக உதிர்கிறது. உங்களுக்கோ இன்னும் இரண்டு நாள்தான் லீவு. பழைய பேப்பர்க்காரர் கோணியும் தராசுமாக வரச் சம்மதித்துவிட்டார்.

அவர் வருவதற்குள் உங்களோடு கொஞ்சம் பேச வேண்டும் என்றுதான் இதை எழுதுகிறேன்.

பதின்மூன்று வயதில் தொடங்கி இன்றுவரை நாவல் படிக்கிறவள் நான். படித்ததைச் சேர்த்து வைக்கிறவள். வங்கி வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின், தெரிந்தவர்கள் வீடுகளில் இப்படிப்பட்ட அலமாரிகள் நான்கைப் பிரித்து, தூசி தட்டி, வகைப்படுத்திக் கொடுத்திருக்கிறேன். அந்த வீட்டுப் பிள்ளைகளின் முகத்தில் இருந்த தவிப்பை அறிவேன். தூக்கிப் போடவும் மனசு வராது, வைத்துக்கொள்ளவும் இடம் இருக்காது. உங்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையும் இல்லை, எண்ணமும் இல்லை. என் பெரியம்மாவின் கதையைச் சொன்னால் நான் ஏன் இவ்வளவு கெஞ்சுகிறேன் என்பது புரியும்.

பெரியம்மா மன்னார்குடியில் இருந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. வீட்டுக்குக் கல்கியும் விகடனும் வரும். வந்த அன்று பெரியப்பா படிப்பார், மறுநாள் பெரியம்மா, அதன்பின் தெருவில் நான்கு வீடு சுற்றிவிட்டு வாரக் கடைசியில் இதழ் வீடு திரும்பும். பக்கத்தின் மூலையை மடிக்கக் கூடாது, வெற்றிலைக் கையால் தொடக் கூடாது என்பது வாங்கிப் போகிறவர்களுக்குப் பெரியம்மா போட்ட கட்டளை. திரும்பி வந்ததும் கொண்டை ஊசியால் நடுப்பின்னை நெம்பி எடுத்து, தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரிப்பார். டிரங்குப் பெட்டியின் அடியில், வசம்புத் துண்டுகளுக்கு நடுவே, வாரம் தவறாமல் அடுக்குவார். கதை முடிந்ததும் அந்தக் கட்டு பைண்டிங் கடைக்குப் போகும்.

பள்ளிக்கூடத்துப் பதிவேடுகளும் மளிகைக் கடைப் பேரேடுகளும் தைக்கிற சின்னக் கடை அது. மைதாப் பசையில் துத்தம் கலந்து காய்ச்சுவார்கள், பூச்சி அண்டாமல் இருக்க. பக்கவாட்டில் ஊசி போட்டுத் தைத்து, அட்டை ஒட்டி, முதுகுக்குக் காலிகோ துணி வைத்து, மூன்று பக்கமும் ஓரம் வெட்டுவார்கள். அந்த ஓரம் வெட்டுவதில்தான் பெரியம்மாவுக்கும் கடைக்காரருக்கும் வருஷாவருஷம் வழக்கு. அத்தியாய எண்ணோ ஓவியர் கையெழுத்தோ வெட்டில் போய்விடும். அதனால் கடையிலேயே முக்காலி போட்டு உட்கார்ந்து, தன் கண் முன்னால் வெட்டச் சொல்வார்.

அவர் சேர்த்த கட்டுகளில் ‘தில்லானா மோகனாம்பாள்’ ஒன்று. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் விகடனில் எழுதியது. கோபுலுவின் படங்களோடு வந்தது. அதில் ஒரு வாரத்து இதழ் சுற்றுக்குப் போன இடத்தில் தொலைந்துவிட்டது. பெரியம்மா வேறொரு தெருவில் அந்த இதழை இரவல் வாங்கி, கோடு போட்ட நோட்டுத்தாளில் அந்த அத்தியாயம் முழுவதையும் கையால் எழுதினார். நீல மை. எழுத்து ஒரே சீராகப் போகிறது. இரண்டாம் பக்கத்தின் நடுவில் மட்டும் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம் போட்டிருக்கிறார். கட்டத்துக்குள் இரண்டே சொல்: ‘இங்கே படம்.’ ஏன் பெரியம்மா என்று சிறுவயதில் கேட்டேன். “படம் இருந்த இடம் தெரியணும்ல” என்றார்.

விடுபட்ட இதழ்களுக்காக, சென்னைக்கு வரும்போதெல்லாம் சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டுக்குப் போய் வருவார். 1985-இல் அது எரிந்துபோன செய்தியைப் பேப்பரில் படித்த அன்று, மதியம் அவர் சாப்பிடவில்லை.

பெரியம்மா போனபோது நான் வடக்கே வேலையில் இருந்தேன். பதினாறாம் நாளுக்குத்தான் வர முடிந்தது. அதற்குள் டிரங்குப் பெட்டி காலி. கடைசிக் காலத்தில் அவரைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்ட பிள்ளைகள்தான் எடைக்குப் போட்டிருந்தார்கள். அவர்களுக்கு அது பழுப்பேறிய காகிதம். யாரும் அவர்களுக்கு வேறு எதுவும் சொல்லிக் கொடுத்திருக்கவில்லை. மறுநாளே கடைக்கு ஓடினேன். லாரி முந்தின நாளே கிளம்பிப் போயிருந்தது.

எதிர்வீட்டு அம்மாள் அன்று மாலை ஒரு புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். படிக்க வாங்கிப் போனதாம், திருப்பித் தர மறந்ததாம். மோகனாம்பாள் கட்டு. அந்த நோட்டுத்தாள் அத்தியாயம் அதற்குள்தான் இருந்தது. பெட்டியில் பத்திரமாக இருந்ததெல்லாம் போய், இரவல் கொடுத்த ஒன்று மட்டும் என் கைக்கு வந்தது. அந்த ஒன்றை வைத்துக்கொண்டுதான் உங்களிடம் பேசுகிறேன்.

“எல்லாமே இப்போது புதுப் பதிப்பாகக் கிடைக்கிறதே” என்பீர்கள். பெருமளவு உண்மை. ‘பொன்னியின் செல்வன்’ இல்லாத புத்தகக் கடை கிடையாது. நாட்டுடைமையானபின் யார் வேண்டுமானாலும் அச்சிடுகிறார்கள். ஆனால் உங்கள் அம்மாவின் கட்டில் இருப்பது கதை மட்டும்தானா என்று பாருங்கள்.

தமிழ் நாவல் பத்திரிகையின் மடியில் வளர்ந்த பிள்ளை. முதல் நாவலான ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-இல் நூலாகவே வந்தது. ஆனால் பி.ஆர். ராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் விவேக சிந்தாமணியில் மாதாமாதம் வந்து, அதற்குப் பிறகே நூலானது. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925-இல் ஜகன்மோகினியை ஏற்று நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’ 1950 அக்டோபரில் தொடங்கி 1954 மே வரை, மூன்றரை ஆண்டுக்கு மேல் வாராவாரம் வந்தது. அதைப் படித்தவர்கள் ஒரே மூச்சில் படித்தவர்கள் இல்லை. வந்தியத்தேவனை ஆபத்தில் விட்டுவிட்டு, ஏழு நாள் சமைத்து, துவைத்து, வேலைக்குப் போய்வந்து, அடுத்த இதழுக்காக வாசலைப் பார்த்திருந்தவர்கள். உங்கள் பாட்டியின் கட்டில் அந்தக் காத்திருப்பும் சேர்த்துத் தைக்கப்பட்டிருக்கிறது.

படங்களைப் பாருங்கள். ‘பொன்னியின் செல்வன்’ முதலில் தொடராக வந்தபோது வரைந்தவர் மணியம். கல்கி இதழ் பின்னாளில் அதே நாவலை மறுபடியும் மறுபடியும் தொடராக வெளியிட்டபோது வினுவும் பத்மவாசனும் வரைந்தார்கள். கட்டில் இருக்கும் ஓவியர் கையெழுத்தைப் பார்த்தே அது எந்தக் காலத்து இதழ் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம். குமுதத்தில் சாண்டில்யனின் ‘கடல் புறா’ வந்தபோது லதாவின் ஓவியத்துக்காகவே பக்கத்தைப் பிரித்து வைத்தவர்கள் உண்டு. இன்று கடையில் கிடைக்கும் பல மலிவுப் பதிப்புகளில் ஒரு படமும் இருக்காது.

பெயர்களைப் பாருங்கள். ஜெயகாந்தனின் ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ 1972-இல் சாகித்திய அகாதெமி பரிசு பெற்றது. அது தினமணி கதிரில் தொடராக வந்தபோது தலைப்பு ‘காலங்கள் மாறும்’. உங்கள் அப்பாவின் கட்டில் ‘காலங்கள் மாறும்’ என்று இருந்தால், பெயர் தெரியாத ஏதோ கதை என்று ஒதுக்கிவிட வாய்ப்பு உண்டு. ‘குறிஞ்சி மலர்’ கல்கியில் வந்தபோது ஆசிரியர் பெயர் மணிவண்ணன், அவர்தான் நா. பார்த்தசாரதி. சுஜாதா குமுதத்தில் ‘கறுப்பு சிகப்பு வெளுப்பு’ என்று ஒரு தொடர் தொடங்கினார். எதிர்ப்பு கிளம்பி, சில வாரங்களிலேயே அது நின்றது. பிறகு ‘ரத்தம் ஒரே நிறம்’ என்று வேறு வடிவம் எடுத்தது. நின்றுபோன அந்தச் சில வாரங்களின் பக்கங்கள் எந்த வீட்டுப் பரணில் இருக்கின்றனவோ!

தேவனை நினைத்துப் பாருங்கள். ஒரு தலைமுறையே விகடனில் அவருடைய தொடர்களைப் படித்துச் சிரித்தது. அவர் 1957-இல் மறைந்தார். அந்தத் தொடர்கள் நூல்களாகக் கடைக்கு வந்தது அவர் போன பிறகுதான். இடைப்பட்ட காலமெல்லாம் ‘மிஸ்டர் வேதாந்த’த்தையும் ‘ஜஸ்டிஸ் ஜகந்நாத’னையும் மறுபடி படிக்க விரும்பியவர்களுக்கு வீட்டு பைண்டுகள்தான் கதி. பதிப்பாளர் செய்ய வேண்டிய வேலையை நம் வீட்டுப் பெண்கள் கொண்டை ஊசியையும் பைண்டரையும் வைத்துச் செய்து முடித்திருக்கிறார்கள்.

பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். மோகனாம்பாள் கட்டில் ஒரு பக்கம் கதாநாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் நாயனத்தை எடுக்கிறார். மறுபக்கம் ஒரு சமையல் குறிப்பின் பாதி, ஒரு சோப்பு விளம்பரம், ஒரு வாசகர் கடிதத்தின் கடைசி நான்கு வரி. ஓரத்தில் பென்சிலால் பால் கணக்கு. நான் பிரித்துக்கொடுத்த ஓர் அலமாரியில், ஒரு நாவலின் உள்ளட்டை முழுக்கத் தேதிகள். அந்த வீட்டு அப்பா அந்த நாவலைப் படித்து முடித்த ஒவ்வொரு முறையும் தேதி போட்டிருந்தார். பதினொரு தேதிகள். கடைசித் தேதியில் கை நடுங்கியிருந்தது. அவர் மகன் அதைப் பார்த்துவிட்டு நெடுநேரம் தரையிலேயே உட்கார்ந்திருந்தார்.

சரி, என்னதான் செய்வது? எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லமாட்டேன். இரண்டு அறை வீட்டில் குடியிருப்பவர்களிடம் அப்படிச் சொல்வது நியாயமில்லை. நான் செய்கிற முறையைச் சொல்கிறேன்.

முதலில் பேப்பர்க்காரரை ஒரு மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். துக்கத்தின் சூட்டில் எடுக்கிற முடிவு வேண்டாம்.

பிறகு தரையில் பழைய வேட்டியை விரித்து மூன்று அடுக்காகப் பிரியுங்கள். கடையில் இன்றும் கிடைக்கிற, குறிப்பு எதுவும் இல்லாத, சாதாரணப் பதிப்புகள் முதல் அடுக்கு. அவற்றைப் படிக்கிற யாருக்கும் கொடுக்கலாம். பக்கத்துப் பள்ளிக்கூடம், ஊர்ப்புற நூலகம், தெருவில் கதை படிக்கிற பெண் பிள்ளைகள், யாராக இருந்தாலும் சரி. நூலகத்துக்குக் கொடுப்பதானால் முன்கூட்டியே பட்டியல் எழுதிக் கேட்டுவிட்டுப் போங்கள். மூட்டையாகக் கொண்டுபோய் ஒரு நூலகத்தில் இறக்கிவைத்துவிட்டு வந்து, ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது அது மழைச் சாரல் படும் தாழ்வாரத்தில் அப்படியே கிடந்ததைக் கண்டவள் நான். நூலகருக்கும் இடம் வேண்டும், ஆள் வேண்டும்.

வீட்டு பைண்டுகள், 1960-களுக்கு முந்தைய பதிப்புகள், ஆசிரியர் கையெழுத்திட்ட பிரதிகள், உங்கள் வீட்டார் ஏதாவது எழுதிவைத்தவை எல்லாம் இரண்டாம் அடுக்கு. இவற்றை எக்காரணம் கொண்டும் எடைக்குப் போடாதீர்கள். ‘லை’, ‘ணை’, ‘றா’ போன்ற எழுத்துகள் உங்களுக்குப் பழக்கமில்லாத பழைய வடிவில் இருந்தால், அது பெரும்பாலும் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தையது என்று அடையாளம் கண்டுகொள்ளலாம். அந்த எழுத்தைப் பார்த்ததும் படிக்க முடியாது என்று ஒதுங்க வேண்டாம். பத்துப் பக்கம் போனால் கண் தானே பழகிவிடும்.

மூன்றாம் அடுக்கு மாத நாவல்கள். ராணி முத்து 1969-இல் அகிலனின் ‘பொன்மல’ரோடு தொடங்கி ஒரு ரூபாய்க்கு ஒரு நாவல் கொடுத்தது. அதன்பின் மாலைமதி, பாக்கெட் நாவல், க்ரைம் நாவல் என்று பஸ் ஸ்டாண்டுக் கடைகளில் தோரணமாகத் தொங்கின. மட்டமான தாள், பின் அடித்த முதுகு. படித்துவிட்டுத் தூக்கிப்போடும் பொருளாகவே எல்லோரும் நினைத்ததால், இன்று முழு வரிசையாகக் கிடைப்பது அரிது. வரிசையாக இருந்தால் கலைக்காதீர்கள். சேர்ந்து இருக்கும்போதுதான் அதற்கு மதிப்பு.

வைத்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு சொல். பத்திரிகைத் தாள் மரக்கூழில் செய்தது. வெளிச்சமும் காற்றும் பட்டால் பழுக்கும், பிறகு ஒடியும். வெயில் படாத, சுவரை ஒட்டாத இடத்தில் வையுங்கள். சுவரை ஒட்டினால் ஈரமும் கரையானும் ஏறும். மழைக்காலம் முடிந்ததும் ஒருமுறை எடுத்து நிழலில் காற்றாட விடுங்கள். இராமபாணப் பூச்சி பசையைத் தின்னத்தான் வரும், அதனால் முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். கிழிந்த இடத்தில் செல்லோடேப் மட்டும் ஒட்டாதீர்கள். சில ஆண்டுகளில் அது பழுப்புக் கறையாகி எழுத்தையே தின்றுவிடும். அது நான் என் கையாலேயே செய்த தவறு.

வைத்துக்கொள்ள முடியாதவர்களுக்கும் வழி இருக்கிறது. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். பெயர்ப்பலகை எழுதும் ஓவியர். நாவல், நாடகம், நோட்டீசு, கல்யாணப் பத்திரிகை என்று மற்றவர்கள் வீசியதையெல்லாம் வாழ்நாள் முழுக்கச் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தபோது சேகரிப்பு சுமார் ஒரு லட்சம். சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியும் கடல் கடந்து கொண்டுபோகவில்லை. தமிழ்நாட்டிலேயே வைத்து 1994-இல் ஆய்வு நூலகமாக்கியது. இன்று அது சென்னை தரமணியில் இருக்கிறது. புதுக்கோட்டையில் ஓர் ஆசிரியத் தம்பதி தங்கள் சொந்தப் புத்தகங்களிலிருந்து ஞானாலயா நூலகத்தை வளர்த்தெடுத்தார்கள். இத்தகைய இடங்களுக்கு ஒரு பட்டியல் எழுதி அனுப்புங்கள். அவர்களிடம் இல்லாதது உங்களிடம் இருக்கக்கூடும். தொடர்கதைக் கட்டுகளைத் தேடித்தான் ஆய்வு மாணவர்கள் ஊர் ஊராக அலைகிறார்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். கொடுப்பதோ வைத்துக்கொள்வதோ எதுவானாலும், அதற்கு முன் அந்த அலமாரியிலிருந்து ஒரே ஒரு நாவலை எடுத்து முழுவதும் படியுங்கள். அதிகம் கசங்கியது எதுவோ, அதை எடுங்கள். அதுதான் அவர்கள் அதிகம் படித்தது. உங்கள் அம்மா உங்களிடம் ஒருநாளும் பேசாத எத்தனையோ விஷயங்களை அந்தக் கதாபாத்திரங்களோடு பேசியிருப்பார். மோகனாம்பாளைப் படித்தபோதுதான் எனக்குத் தெரிந்தது, எட்டாம் வகுப்போடு நின்ற என் பெரியம்மாவுக்கு நாயனத்தின் மேல் எவ்வளவு ஆசை இருந்தது என்று. நாயனம் பற்றி வரும் இடங்களிலெல்லாம் ஓரத்தில் மெல்லிய பென்சில் கோடு. கோயில் திருவிழாவில் நாயனம் வாசிக்கும்போது அவர் தூண் மறைவில் நின்று கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்திருக்கிறேன். காரணத்தை அறிந்துகொள்ள எனக்கு அவர் இறந்தபின் ஒரு புத்தகம் வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகு ஒருநாள், பழைய இதழ்களைப் பாதுகாக்கும் நூலகம் ஒன்றில் அந்த வாரத்து விகடனைக் கேட்டு வாங்கினேன். அந்த அத்தியாயத்தைப் பிரித்தேன். படம் இருந்தது. கையோடு கொண்டுபோயிருந்த நோட்டுத்தாளின் கட்டத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். பெரியம்மா படத்தை அளந்துதான் கட்டம் போட்டிருக்கிறார். இரண்டும் ஒரே அளவு.

பிள்ளைகளே, நீங்கள் எந்தப் புத்தகத்தைக் கைமாற்றினாலும் அதன் உள்ளட்டையில் பென்சிலால் ஒரு வரி எழுதுங்கள். இதைச் சேர்த்தவர் யார், எந்த ஊர், எந்த ஆண்டு. பேனா வேண்டாம், மை ஊறும். பென்சிலே போதும், நூறு வருஷம் நிற்கும்.

அன்புடன்,
ஒரு நாவல் வாசகி